மூத்தவரின் பாதமும் மன்றத்தின் மானமும்

ஒரு சமுதாயத்தின் உயரத்தை அறிய அதன் மாளிகைகளைப் பார்க்க வேண்டாம், காலுறைகளைப் பார்த்தால் போதும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை ‘கைநூல் கலைஞர்கள் மாற்று மன்ற’த்தையே சாரும். அம்மன்றத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: சுவரில் மாட்டும் நெசவுப் படங்கள் செய்பவரும் மன்றத்தின் தலைவியுமான அம்மையார், வெங்காயத் தோலில் சாயம் காய்ச்சுகிறவர் (ஆகவே மஞ்சள் கைகளுடன்), கம்பளியை உருட்டிப் பறவை செய்யும் பெண்மணி (மடியில் ஒரு பறவையுடன்), மன்றத்தின் செயலாளர், செயலாளரின் கணவர் (நாற்காலி எடுத்துப் போடுவதற்காக), அந்தக் கணவருடைய அப்பா, அதாவது மூத்தவர். மூத்தவரின் இரண்டு கால்களும் உடன் வந்திருந்தன. கூட்டம் அவற்றைப் பற்றித்தான்.

வேறு யாரும் வரவில்லை. வந்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் வரவில்லை.

மன்றத்தின் கொள்கை எளிமையானது. கையால் செய்த ஒன்றைக் கொடுத்துக் கையால் செய்த இன்னொன்றை வாங்க வேண்டும். காசு கூடாது. இனாமும் கூடாது, இனாம் கலையைக் கொச்சைப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மதிப்பு கையால் பின்னிய காலுறையைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஒரு ஜோடிக்கு இரண்டு பறவைகள். அலகு கோணலாக இருந்தால் மூன்று. ஒரு சுவர்ப்படத்துக்கு ஒரு ஜோடி. படத்தில் எது மேல்பக்கம் என்று தலைவியே வந்து காட்டிவிட்டுப் போனால் ஒன்றரை ஜோடி. அந்த அரை ஜோடியை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஏனென்றால் யாரும் அதைக் காலில் போடுவதில்லை.

யாருடைய கலை எதுவானாலும், எல்லோரும் காலுறையும் பின்னினார்கள். நாணயத்தை அவரவர் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளும் வசதி வேறெந்த நாட்டுக் குடிமக்களுக்கும் வாய்த்ததில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் பெயர் உண்டு. ‘பனிக்குப் பிந்தைய தனிமை’ என்ற சாம்பல் நிற ஜோடி எல்லோருடைய வீட்டுக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. தலைவியின் ‘நதியின் மௌனம்’ கண்ணாடிப் பெட்டிக்குள் பூச்சி உருண்டையோடு வாழ்ந்தது.

இனி மூத்தவர். அவர் அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சோதித்து, சரியானதற்கு முத்திரை குத்தி, தவறானதைப் பிடுங்கிக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். அவர் தெருவில் இறங்கினால் வியாபாரிகளின் முதுகு தானாக நிமிரும். அவர் முதுகு நிமிர வேண்டியதில்லை, அது வளைந்ததே கிடையாது. யாரிடமும் எதையும் கேட்டு வாங்காத குடும்பம் அவர் குடும்பம். அந்த மானத்தை அவர் தலையில் சுமந்தார். தொல்லை காலில் இருந்தது.

கால் குளிர்ந்தது. வீட்டுத் தரை வழவழப்பான ஓடு. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் விரல்கள் விறைத்துப்போகும். அதே வீட்டில் நாற்காலி மேல், டிவி மேல், அரிசி டப்பா மேல் எல்லாம் கம்பளி நூல் பந்துகள். செயலாளரான மருமகள் ஊசிகளும் கையுமாக எந்நேரமும் காலுறை பின்னிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வராது.

“இந்த வருஷம் தரை ஒரு மாதிரியா இருக்கு” என்றார் ஒரு நாள்.

“வழுக்குதா மாமா?”

“வழுக்கலை.”

“குளிருதா?”

“நான் குளிருதுன்னு சொன்னேனா? தரையைப் பத்திச் சொன்னேன்.”

“அப்போ ஒரு கார்ப்பெட் போட்டுடட்டுமா?”

“உன் இஷ்டம்மா. தரை உங்களோடது.”

மறுநாள் கூடத்தில் கார்ப்பெட் வந்தது. மூத்தவர் மானம் கெடாதபடி அதை மிதிக்காமல் ஓரத்திலேயே நடந்தார்.

மருமகளுக்கு மனசில்லாமல் இல்லை. மாமாவுக்கு ஒரு ஜோடி பின்னித் தரலாம் என்று அவளும் நினைத்ததுண்டு. ஆனால் செயலாளரே இனாம் கொடுத்தால் மன்றம் என்னவாகும்? மாமாதான் வாங்கிக்கொள்வாரா? முன்பொரு முறை பிறந்தநாளுக்குத் துண்டு வாங்கிக் கொடுத்தபோது, பதிலுக்கு வீட்டுக் குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டிய பிறகுதான் அவர் அதைத் தோளில் போட்டார். குழாய்கள் இன்னும் ஒழுகுகின்றன.

வழி எதிர்பாராமல் பிறந்தது. மருமகள் கொல்லைப்பக்கம் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள். “அட்டை மறுபடியும் நமுத்துப்போச்சு. எல்லாம் கோணிக்கிட்டு நிக்குது.”

“என்ன அட்டை?” என்றார் மூத்தவர்.

“பின்னி முடிச்சதும் சாக்ஸை நனைச்சு, கால் மாதிரி வெட்டின அட்டையில மாட்டிக் காய வைப்போம் மாமா. அப்பத்தான் வடிவம் நிக்கும். பின்னும்போதும் அதுமேல வெச்சுத்தான் நீளம் பார்ப்போம்.”

“யார் கால் அளவு அது?”

“அவங்கவங்க மனசுக்குத் தோணுறதை வெட்டிக்கிறதுதான்.”

“ஆளுக்கு ஒரு அளவா?” மூத்தவரின் குரலில் உத்தியோக காலத்து இடி உருண்டது. “இதை நம்பியா கொடுக்கல் வாங்கல் பண்றீங்க? கேக்க ஆளே இல்லையா?”

அன்றே பழைய அலமாரியின் கதவு கழற்றப்பட்டது. அலமாரியில் இருந்த துணிகளை என்ன செய்வது என்று மகன் கேட்டான். பொதுநலன் பற்றி மூத்தவர் அவனுக்கு விளக்கினார். பலகை அறுக்க ஒரு தரமான பாதம் மாதிரிக்கு வேண்டியிருந்தது. தரத்தில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லாத பாதம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, அதை ஒட்டிக் காலை ஊன்றி, வாழ்நாளில் வளையாத முதுகை வளைத்து, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை பென்சிலால் கோடு இழுத்தார்.

அந்தப் பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நல்ல நீளம். புறங்கால் மேடு. குதிகால் பின்னால் சற்றுத் தள்ளியிருக்கும். பெருவிரல் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அந்தக் குடும்பத்தில் பெருவிரல்கூடத் தலை குனிந்ததில்லை.

இழைத்து, மெழுகு பூசி, ஆளுக்கொரு ஜோடிப் பலகையை மன்றத்தின் மாடி அறை மேசையில் அவர் அடுக்கினார். தலைவி ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இந்த நுனியைக் கவனிச்சீங்களா? மேல எழும்புது. இதுல ஒரு தேடல் இருக்கு.”

“பறக்கப் பார்க்குது” என்றார் பறவைக்காரம்மா. அவருக்கு எல்லாமே பறக்கப் பார்க்கும்.

“இது கால் இல்லீங்க” என்றார் சாயக்காரர் கண்ணை மூடிக்கொண்டு. “காலோட கருத்து.”

மூத்தவர் அடக்கத்தோடு மேல்கூரையைப் பார்த்தார். “இனாமாத் தரலை” என்றார். “அடுத்த மாற்று நாள் அன்னைக்கு எனக்குப் பிடிச்ச ஒரு ஜோடியை எடுத்துக்குவேன்.”

நியாயமான மாற்று என்று மன்றம் ஒருமனதாக ஏற்றது. இனி மன்றத்தின் காலுறைகள் அனைத்தும் இந்தத் ‘தரப் பலகை’யின் அளவிலேயே பின்னப்பட வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. ‘நதியின் மௌனம்’ பழைய அட்டைக் காலத்துப் படைப்பு என்பதால், தலைவி அதைப் பிரித்துப் புதிய பலகைக்கு மறுபடியும் பின்னினார். நதிக்கு இப்போதுதான் ஆழம் வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாற்று நாள் வந்தது. மரப் பாதங்கள் காலுறை மாட்டிக்கொண்டு மேசையில் வரிசையாக நின்றன. மூத்தவர் அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ‘நதியின் மௌன’த்தின் முன் நின்று, “இது” என்றார். தலைவி நெஞ்சில் கைவைத்து, “உங்க ரசனை...” என்று ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். காலுறையை மரத்திலிருந்து உருவினார். போட்டுக்கொண்டார்.

வலது காலில் ஏறியபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இடது காலில் ஏறியபோது பறவைக்காரம்மா “ஐயோ!” என்றார். கையிலிருந்த பறவை கீழே விழுந்தது. முதல் முறையாகப் பறந்தது என்றும் சொல்லலாம். மூத்தவர் எதையும் கவனிக்கவில்லை. குதிகாலில் தொடங்கிய வெதுவெதுப்பு கணுக்கால்வரை ஏறிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே ஷூவை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மாடிப்படியில் சத்தமாக இறங்கிப் போனார்.

அதன் விளைவே அவசரக் கூட்டம்.

“குற்றச்சாட்டு எளிமையானது” என்றார் தலைவி. “ஒரு படைப்பை நீங்க ‘உபயோகப்படுத்தி’யிருக்கீங்க.”

“ஆமா.”

“மறுக்கலையா?”

“இப்பவும் போட்டிருக்கேன். எதை மறுக்கிறது?”

எல்லோரும் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். ஷூவுக்கு மேலே நதி தெரிந்தது.

“ஒரு சாக்ஸைக் கால்ல போட்டா அது என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தீங்களா?” சாயக்காரர் மஞ்சள் கைகளை விரித்தார்.

“கால் சூடாகும்.”

“சாக்ஸ் என்ன ஆகும்னு கேக்கிறேன்!”

“அதுவும் சூடாகும்.”

மகன் சிரித்துவிட்டான். நாற்காலி எடுத்து வர அவனை வெளியே அனுப்பினார்கள்.

தலைவி தண்ணீர் குடித்தார். “காலுறையை இப்பவே திருப்பிக் கொடுத்திடுங்க. இல்லேன்னா உங்க மருமகள் செயலாளர் பொறுப்பிலேருந்து கௌரவமா விலகிக்கிறதுதான் முறை.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அறைச் சாவி அவளிடம்தான். கூட்டிப் பெருக்கியதும் அவள்தான். மூத்தவர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். அவர் வீட்டில் ஒரு தலை குனிவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. நதியைக் கழற்றினால் கால் குளிரும். கழற்றாவிட்டால் வீட்டு மானம் போகும்.

எழுந்து நின்றார். “என் மருமகள் விலகினா நானும் விலகறேன்.”

“நீங்க உறுப்பினரே இல்லையே!”

“அப்போ சேர்த்துக்கோங்க. விலகறேன்.”

மன்றத்தின் விதிகளில் இதற்கு இடமிருக்கிறதா என்று சிறிது நேரம் விவாதித்தார்கள். இல்லை என்று தெரிந்தது.

“கொடுத்தாலும் என்ன பிரயோஜனம்?” என்று பறவைக்காரம்மா மூக்கை உறிஞ்சினார். “நல்லா இழுத்துவிட்டிருப்பார். அந்த நுனி, அந்தத் தேடல் எல்லாம் போயிருக்கும்.”

“இழுக்கவே இல்லையே. சரியா உக்காந்திருக்கு. பாருங்க.” மூத்தவர் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார்.

மருமகள் நிமிர்ந்தாள். மேசையிலிருந்த ஒரு தரப் பலகையை எடுத்தாள். மெல்லத் தரையில் மண்டியிட்டு, அதை மாமாவின் காலோடு ஒட்டி வைத்தாள். குதிகால் குதிகாலோடு பொருந்தியது. மேடு மேட்டோடு பொருந்தியது. இரண்டு பெருவிரல்களும் ஒரே கோணத்தில் வானத்தைப் பார்த்தன.

“மாமா... இது உங்க கால்.”

“பின்னே யாரோடது?”

சாயக்காரர் மேசையிலிருந்து தன் பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அப்படின்னா நான் பின்னினது...” என்றார் சாயக்காரர்.

“நாங்க எல்லாரும் பின்னினது...” என்றார் தலைவி. மேசையில் வரிசையாக நின்ற பாதங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே ஆளின் கால்கள். மன்றத்தின் புதிய சேமிப்பு முழுவதும் உலகில் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். அவர் ஒரு காலை நீட்டியபடி எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“இத்தனை நாளா ஒருத்தருக்கும் தெரியலையா?” என்று கேட்டார் மூத்தவர். கேலியாக அல்ல, ஆய்வாளராக. “போட்டுப் பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே?”

தலைவி மறுபடியும் தண்ணீர் குடித்தார். மூத்தவரே தொடர்ந்தார். “தப்பு என்னோடது. ஒரு தனி ஆளோட காலைப் பொது அளவா வெச்சது பெரிய குத்தம். வேற யாராவது செஞ்சிருந்தா பறிமுதல் பண்ணியிருப்பேன். ஆளாளுக்கு அவங்க கால் அளவிலேயே பலகை செஞ்சு தரேன். இன்னொரு அலமாரி இருக்கு.” நாற்காலியோடு திரும்பி வந்த மகன் கதவருகில் நின்று பெருமூச்சு விட்டான். “என் மருமகள் பொறுப்புல இருக்கட்டும். இப்போ எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க. கோடு போடணும்.”

ஒருவரும் குனியவில்லை.

“அளவை வாயால சொன்னாப் போதாதா?” என்றார் தலைவி.

“சொல்ற அளவை நான் எந்தக் காலத்துலயும் நம்பினதில்லை.”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்றார் சாயக்காரர், கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு.

மருமகள்தான் முதலில் ஷூவின் முடிச்சில் கைவைத்தாள். மூத்தவர் பென்சிலோடு அவள் பக்கத்தில் குனிந்தபோது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா.”

“நான் எப்போ குளிருதுன்னு சொன்னேன்? காலை ஆட்டாதே.”

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அளவெடுப்பு முறையாக நடந்து முடிந்தது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சாவி மருமகளிடமே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் காலுறையைக் கழற்றி மேசைமேல் வைத்து மன்னிப்புக் கேட்டார் என்று வெளியே ஒரு பேச்சு அடிபடுகிறது. அது உண்மையல்ல. காலுறையைக் கழற்றியவர்கள் மற்றவர்கள். அவை அனைத்தும் கடையில் வாங்கியவை, அனைத்திலும் பெருவிரல் பக்கம் ஓட்டை. மருமகளுடைய ஓட்டை மற்றவர்களுடையதைவிடச் சிறியது என்பதைக் குடும்ப கௌரவத்தை முன்னிட்டு இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூத்தவர் கழற்றவில்லை. கைநூல் கலைஞர்கள் நிறைந்த அந்த அறையில் கையால் பின்னிய காலுறை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.