மூலைக்குப் பன்னிரண்டு பேர்

"பதினொண்ணுதான் வருது," என்றார் ஓல்சன் டீச்சர், விரல் நீட்டி இன்னொரு தரம் எண்ணிவிட்டு. "பன்னிரண்டு இல்லேன்னா உங்க மூலையைக் கலைச்சாகணும், ஹார்லன். அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஆள் பிடிங்க."

ஹார்லன் வெஸ்டர்காம்ப் தானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான்.

அமெரிக்காவில், எங்கள் அயோவா மாநிலத்தில், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யாரென்று முடிவுசெய்ய ஓட்டுப்பெட்டி வைப்பதில்லை. ஊர்ஜனம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கு வந்து, தனக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். போதிய தலை இல்லாத மூலையைக் கலைத்துவிடுவார்கள். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், கோபித்துக்கொண்டு வீட்டுக்கும் போகலாம்.

ஹார்லன், கவர்னர் டேக்கர்ட் அம்மாவின் ஆள். அந்த அம்மாளுக்காக மாட்டுத்தீவன வியாபாரத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, பனியில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். தலைமை அலுவலகத்திலிருந்து கெல்சி என்ற பெண் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்: "உங்க ஊர் போனா மாவட்டமே போச்சு சார். மாவட்டம் போச்சுன்னா நாளைக்கே அம்மா போட்டியிலிருந்து விலகிடுவாங்க."

எதிர் மூலையில் மச்சினன் கேலன், ஒரு செனட்டருக்காக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நின்ற கூட்டம் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், போணி ஆகலையா?" என்று அங்கிருந்தே கத்தினான் கேலன்.

"உன் ஆளுக்குப் பசு எது, காளை எது தெரியுமான்னு கேளு முதல்ல!" என்றார் ஹார்லன். சொல்லிவிட்டாரே தவிர, மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்குத் தோற்றால் அடுத்த தேர்தல் வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் அவன் வாயை யார் அடைப்பது?

தைரியத்துக்குத் திரும்பி பேனரைப் பார்த்தார். எட்டடி உயரப் பளபளப்பான பிளாஸ்டிக்கில் கவர்னரின் சிரித்த முகம். மதியமே வந்து, சுவரின் அழுக்கும் ஓட்டை உடைசலும் மறைய, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். கவர்னரின் கன்னங்கள் உப்பி உப்பி இறங்கின. அம்மாவே நேரில் வந்து நிற்பதுபோல இருந்தது. கீழோரம் லேசாகப் பிரிவதைப் பார்த்து, பதறிப்போய் இன்னொரு வரிசை டேப் போட்டு அழுத்தினார்.

"ஹார்லன், ஒண்ணு சொல்லணும்," என்றாள் மனைவி ஆர்லிஸ். கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தாள்.

"அப்புறம் சொல்லு. நீ சுட்டுக்கிட்டு வந்த வேர்க்கடலை பிஸ்கட்டை எடு. தட்டைத் தூக்கிக் காட்டினா கூட்டம் தானா வரும்."

வந்தது யாருமில்லை. போனதுதான் மிச்சம். குழந்தையோடு நின்ற ஜான்சன் அம்மாள் மெல்ல நகர்ந்தார். "பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, பாருங்க. நாங்க அப்படி அந்தப் பக்கமா நிக்கறோம். கவர்னர் மேல ஒரு வருத்தமும் இல்ல."

எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவம் அது. எதையும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். சூப்பு வாயில் வைக்க விளங்காவிட்டால்கூட, "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லி முழுதும் குடித்துவிடுவார்கள்.

ஹார்லன் ஓடிப்போய், யார் பக்கமும் சேராமல் நின்ற லெராயைப் பிடித்தார். லெராய் கூச்சப்படாமல் பேரம் பேசினார்.

"வரேன். ஆனா இந்தக் குளிர்காலம் முழுக்க உன் பனி அள்ளுற மிஷின் என் வீட்டுல நிக்கணும்."

"எடுத்துக்கோ!"

லெராய் வந்து நின்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்த மூலை... கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு," என்றார்.

"இருக்காதா பின்னே! அம்மாவோட ராசி!" என்று பூரித்தார் ஹார்லன்.

பக்கத்து வீட்டு மார்வின் காதில் பேரம் விழுந்துவிட்டது. "போன வாரம் நான் கேட்டப்ப மிஷின் ரிப்பேர்னு சொன்னே?"

"அது வந்து மார்வின்..."

"பரவாயில்ல, பரவாயில்ல," என்று புன்னகையோடே சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கேலன் பக்கம் போய்விட்டார் மார்வின். அவர் காரில் வந்த இரண்டு பேர், திரும்பிப்போக வண்டி வேண்டுமே என்று அவர் பின்னாலேயே போனார்கள்.

ஹார்லனுக்கு வியர்த்து ஊற்றியது. கோட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, தன் மூலையை ஒட்டியிருந்த வாசல் கதவைத் திறந்துவைத்தார். தாமதமாக வருகிறவர்கள் நேராகத் தன் மூலைக்கு வரட்டும் என்று. அதைப் பார்த்ததும் லெராய்க்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டியது நினைவுக்கு வந்தது. கிளம்பினார். அடுத்த நிமிஷம் அவரே கேலன் மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹார்லன், நான் சொல்றதைக் கேளு," என்றாள் ஆர்லிஸ்.

"உயிர் போற நேரத்துல என்னடி?"

"ஒண்ணுமில்ல. கேலன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்." போனவள் வரவில்லை. கோட்டை மட்டும் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

கட்டின மனைவியே போன பிறகு மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் நகர்ந்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சினார். தொப்பி போட்ட, முன்பின் தெரியாத மனிதர். எப்போது வந்தாரோ, கவர்னரின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஹார்லன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கில்ல?"

"இல்ல சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும்! மருத்துவக் காப்பீடுதானே? அம்மா வந்தா எல்லாருக்கும் உண்டு."

"அது சரி சார், இந்தப் பேனரை..." அவர் பேனரின் ஓரத்தைத் தொட்டார்.

"கை வைக்காதீங்க, கிழிஞ்சுடும்! உங்களுக்கு வேணும்னா இதே மாதிரி ஒண்ணு தரேன், வீட்டுல ஒட்டிக்கலாம்."

பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினார். அவரும் எங்கள் பக்கத்து மரியாதைக்காரர்தான் போலிருக்கிறது, தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஓல்சன் டீச்சர் விசில் ஊதிவிட்டு வந்து எண்ணினார்.

"ரெண்டு," என்றார் பரிதாபமாக. "மன்னிச்சுக்கோங்க ஹார்லன், மூலை கலைஞ்சாச்சு."

கேலன் மூலையில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஹார்லனின் சட்டைப்பையில் போன் அலறியது.

"எப்படி சார் தோத்தோம்?" கெல்சி அழுதுவிடுவாள் போலிருந்தது. "எல்லாரும் காரணம் கேக்கறாங்க. எரிபொருள் கொள்கையா? வரியா? பொம்பளை வேட்பாளர்ங்கறதாலயா?"

"தெரியலம்மா," என்றார் ஹார்லன். கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல மனுஷிக்கு ஊர்ல ஒருத்தர்கூடவா நிக்கமாட்டாங்க? இதோ, இந்த ஒரு உத்தமரைத் தவிர!"

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, நான் பக்கத்து மாநிலம், மினசோட்டாக்காரன், எனக்கு இங்க ஓட்டே கிடையாது. இந்த மூலை மட்டும் விறைக்குதுன்னு போன் வந்துச்சு, ஹீட்டர் பார்க்க வந்தேன். மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல, சூடு வர்ற ஓட்டையை மூடியிருக்கிற அந்தம்மா மூஞ்சியைக் கொஞ்சம் கழட்டுங்க, சூடு தானா வரும்."