பெட்டி விஷயமாய்ப் பெரிய மச்சானுக்கு

கிங்ஸ்பரி, லண்டன்
மாசி 1995

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் குலசேகரம் அவர்களுக்கு, யோகராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம் என்று வழக்கம்போல் தொடங்கி, மூவர் இல்லை என்பது நினைவுக்கு வந்து, வேறு தாள் எடுத்திருக்கிறேன். நானும் மகள் கல்யாணியும் இருக்கிறோம். தங்கள் தங்கை சிவமலரின் காரியங்கள் யாவும் குறைவின்றி நிறைவேறின. ரொறன்ரோவில் தங்கள் அகதி வழக்கு முடியாதபடியால் தாங்கள் வந்து முகம் பார்க்க முடியவில்லை. அந்தத் துயரத்துக்கு மேலே, தங்கையைப் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து எரித்துவிட்டோம் என்று ஊர் ஒன்றியத் தலைவர் கணேசலிங்கத்தார் தங்களுக்குப் போனில் சொன்னாராம். அது பிரிட்ஜ் வந்த பெட்டி அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்யாணி டிசைன் படித்தவள் என்பது தாங்கள் அறிந்ததே. இங்கத்தைச் சனத்துக்கு டிசைன் எண்டால் சட்டை தைக்கிறது. அவள் பட்டம் எடுத்த கிழமை நாலைஞ்சு பேர் பிளவுஸ் துணியோடை வந்து கதவைத் தட்டினவை. பிறகு சென்ட் கொம்பனி ஒண்டிலை பெட்டி டிசைன் பண்ணுற வேலை கிடைச்சுது. போத்திலுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பெட்டி, அதுக்கு மேலை பளபளவெண்டு ஒரு தாள். நல்ல சம்பளம், நாங்களும் தலை நிமிர்ந்து திரிஞ்சம். கொஞ்சக் காலத்திலை விட்டிட்டு வந்திட்டாள். தான் கீறுறது எல்லாம் வாங்கின அண்டைக்கே குப்பைக்குப் போகுதாம். ஒரு பொருளைச் செய்யிறவள் அது ஆருக்கு உதவும், பிறகு எங்கை போய்ச் சேரும் எண்டு கேக்கோணுமாம். அப்பிடிக் கேட்டுப்போட்டு, ஹக்னியிலை ரெண்டு வெள்ளைக்காரப் பிள்ளையளோடை ஒரு பழைய கராஜை எடுத்து வேலை தொடங்கினாள். என்ன வேலை எண்டு கேட்டன். காட்போட்டிலை பிரேதப்பெட்டி எண்டாள். வளர்ந்த மரத்தை வெட்டி, வார்னிஷ் பூசி, ஒரு மத்தியானத்திலை எரிச்சுப் புகையாக்கிறம், இல்லாதவனும் அந்தப் பெட்டிக்காகக் கடன்படுறான், இது என்ன நியாயம் எண்டு என்னைக் கேட்டாள். எனக்கு எப்பிடித் தெரியும்? கலியாணம் பேச வாற ஆக்களிட்டை மகள் பொக்கேஜிங் லைன் எண்டு சொல்லி வைச்சன்.

இதுக்கிடையிலைதான் உங்கடை தங்கச்சிக்கு நோய் முத்தினது. ஆஸ்பத்திரியிலை இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு வீட்டை அனுப்பிப்போட்டினம். ஒருநாள் வேலையாலை வந்து கதவைத் திறக்கிறன், ஹோலுக்கு நடுவிலை கல்யாணியின்ரை பெட்டி, அதுக்குள்ளை சிவமலர் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறா, பக்கத்திலை மகள் அளவுநாடாவோடை முழங்காலிலை நிக்கிறாள், ரெண்டு பேரும் சிரிக்கினம். உங்களுக்கு விசரே எண்டு சத்தம் போட்டன். கல்யாணி எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டாள். சிவமலர் எழும்பேல்லை.

“இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை நல்ல வெதுவெதுப்பாய்க் கிடக்கு. லண்டனுக்கு வந்து இண்டைக்குத்தான் எனக்குக் குளிரேல்லை” எண்டா. பிறகு, “எனக்கு இதுதான் வேணும். பிள்ளை செய்தது” எண்டா.

நான் சப்பாத்தைக் கழட்டாமல் மாடிக்கு ஏறிப் போயிட்டன்.

தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை அவ கண்ணை மூடிட்டா. பிரேதம் எடுக்கிற பியூனரல் டிரெக்டரின்ரை கந்தோருக்குப் பெட்டியைக் கொண்டு போனம். அந்த மனுசன் மெத்த மரியாதையாய்ச் சுத்திச் சுத்திப் பார்த்தார், விரலாலை தட்டினார், பாரம் தாங்குமெண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டார். கல்யாணி ஏதோ சோதனைக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டார். கடைசியிலை நான் கோட்டையும் கழட்டாமல் ஏறிப் படுத்தன். என்ரை பாரம் உங்களுக்குத் தெரியும்தானே. நாலு பேர் தூக்கிச்சினம், பெட்டி அசையேல்லை. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்திட்டுது, ‘ஒரு நிமிஷம்’ எண்டு உள்ளை போயிட்டார், தூக்கினவையும் இறக்கிறதோ விடுறதோ தெரியாமல் என்னைத் தோளிலை வைச்சுக்கொண்டு நிக்கினம். படுத்துக் கிடந்தபடி மேலை பார்த்தன், ஒரு ரியூப் லைற் மட்டும் தெரிஞ்சுது. சிவமலர் ஹோலுக்குள்ளை இப்பிடிக் கிடந்து பார்க்கேக்கை என்ரை முகம் தெரிஞ்சிருக்கும். கோபமான முகம். என்னாலை அதுக்குள்ளை கிடக்க ஏலேல்லை, இறக்கச் சொன்னன். அவை இங்கிலிஷ்காரர், நான் தமிழிலை கத்தினபடியால் விளங்கேல்லை.

செத்தவீட்டண்டு மழை. பெட்டியைப் பார்த்த சனம் அழ மறந்துபோச்சுது. கணேசலிங்கத்தார் என்னைத் தனிய இழுத்துக்கொண்டு போய், ஒன்றியத்துக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தேக்குப்பெட்டிக்கே காசு சேர்த்திருப்பமே எண்டு குறைப்பட்டார். கல்யாணி ஒருத்தரோடையும் வாதாடேல்லை. பேனையளைக் கொண்டு வந்து வைச்சு, அம்மாவுக்குச் சொல்ல விட்டுப்போனதை ஆரும் பெட்டியிலை எழுதலாம் எண்டாள். ஒருத்தரும் அசையேல்லை. அடுத்த வீட்டு மேரிறோஸ்தான் முதல் வந்து, ‘சிவமலர், உம்மடை இட்டலிச் சட்டி என்னட்டைக் கிடக்கு, இனி அதை நான் ஆரிட்டைக் குடுக்க’ எண்டு எழுதினா. எழுதிப்போட்டு அங்கையே இருந்து அழுதா. அதோடை எல்லாரும் வந்திட்டினம். வாய்க்கரிசி போட நிண்ட வரிசையிலும் பார்க்க எழுத நிண்ட வரிசை நீளம். கணேசலிங்கத்தாரும் பேனை வாங்கி, ‘ஊர் ஒன்றியம் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள்’ எண்டு எழுதி, பதவியோடை கையெழுத்தும் வைச்சார். இது உங்களுக்கு அவர் சொல்லியிருக்கமாட்டார். வெளியிலை கொண்டு போகேக்கை நான் குடையைப் பெட்டிக்குப் பிடிச்சன். பெட்டிக்கு ஒண்டும் ஆகேல்லை, எழுத்துத்தான் கொஞ்சம் கரைஞ்சுது.

தலைமாட்டிலை ஒரு துண்டு இடம் ஒருத்தரையும் எழுத விடேல்லை அவள். அது மாமாவுக்காம். என்ன எழுதட்டும் எண்டு கேக்கத்தான் அண்டு விடிய உங்களுக்குப் போன் எடுத்தவள். காட்போட் பெட்டி எண்டு சொன்ன உடனை உங்களுக்குக் கோபம் வந்திட்டுது. அந்த இடம் வெறுமையாய்த்தான் போச்சுது, மச்சான். உங்களைக் குறை சொல்லேல்லை. நானும் கத்தினவன்தானே.

ஆனாலும் பிரேதப்பெட்டி செய்கிறவளைக் கட்ட எவரும் முன்வர மாட்டார்கள். ஆகையால் தங்களிடம் ஒரு விண்ணப்பம். தாய்மாமன் என்ற முறையில், இந்தப் பெட்டி வேலையை விட்டு அந்தச் சென்ட் கொம்பனிக்கே திரும்பிப் போகும்படி தாங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என் சொல்லை அவள் கேட்க மாட்டாள். தங்கள் வழக்குச் சீக்கிரம் வெல்லவும், பனிக்காலம் தங்கள் முழங்காலை அதிகம் வருத்தாமல் போகவும் முருகனை வேண்டுகிறேன்.

இங்ஙனம்
தங்கள் அன்பு மைத்துனன்
யோகராஜா

பி.கு: கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல் இங்கை லண்டன் பிளேஸ்டோவிலை இருந்து ஒரு போன் வந்தது. ஒரு பெடியன், பெற்றோல் ஷெட்டிலை வேலை, திடீரெண்டு செத்துப்போச்சுதாம். சொந்தக்காரர் ஒருத்தரும் இந்த நாட்டிலை இல்லை, கூட இருந்த பெடியள்தான் கல்யாணியிட்டைப் பெட்டி கேட்டவங்கள். பெட்டியிலை எழுத ஆள் போதாதெண்டு என்னையும் வரச் சொல்லுறாள். அவன்ரை பேரைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது, எண்டாலும் போறன். மேலை கேட்டபடி அவளுக்கு ஒண்டும் எழுத வேண்டாம், அவள் செய்யிறதைச் செய்யட்டும். பெடியன்ரை தாய் ஊரிலை, மட்டுவிலிலை இருக்கிறாவாம். அவவுக்குக் கடிதம் எழுதுற பொறுப்பை அவங்கள் என்னட்டைத் தந்திருக்கிறாங்கள். எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை, மச்சான்.