நெற்றிக்குப் போன கால் சென்ட்

பழைய காசு சேர்க்கிறவனுக்குப் பெண் கொடுக்காதீர்கள். பிஸ்கட் டின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஜென்மம் அது. (என் மனைவியைக் கேட்டால் இன்னும் விளக்கமாகத் திட்டுவாள்.)

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் நானும் அம்மாவும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். ஊரெல்லாம் அவன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு; உலோகக் காசைக் கண்ணில் பார்ப்பதே அரிது. என் டின்னில் மட்டும் சில வெள்ளி டாலர்களும், ராணி தலை போட்ட ஒரு கால் சென்ட்டும் இருந்தன. கால் சென்ட் சட்டைப் பொத்தான் அளவுதான். அது பெரிய அபூர்வம் என்று நான் அளந்ததை ஆபீசில் ஒருவரும் நம்பவில்லை.

அம்மாவுக்கு மலேரியா. அதற்கு மருந்தான கொய்னா மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர், காசுப் பைத்தியத்தில் எனக்கு அண்ணன். அவரிடம் போனேன். வழியில் சிப்பாய் பிடுங்கிக்கொள்வானே என்று, ஒவ்வொரு காசின் மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தாளை மட்டும் எடுத்துப் போனேன் (புத்திசாலியாம்!). அவர் அதைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“வெள்ளி என்கிட்டயே கெடக்கு தம்பி. இந்த வருசத்துக் கால் சென்ட்ட நான் கையால தொட்டதே இல்ல. கொண்டாங்க, ஒரு போத்தல் கொய்னா தரேன்.”

தரையில் கால் பாவாமல் வீடு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி, அன்று காலை இறந்துபோயிருந்தார். பிணத்தின் நெற்றியில் காசு வைக்க வேண்டும். தெருவில் யாரிடமும் காசில்லை. நோட்டையா ஒட்ட முடியும்? அம்மாவிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். அவளும் காய்ச்சலோடு எழுந்து டின்னைத் திறந்திருக்கிறாள்.

“ஒன் பெரிய காசு எதையும் தொடலடா. இருக்கறதுலயே சின்னதா, பொத்தானாட்டம் ஒண்ணு கெடந்துச்சு. அதத்தான் குடுத்தேன்” என்றாள். என் முதலுக்கு மோசம் வராமல் காப்பாற்றிவிட்ட பெருமை அவள் முகத்தில்.

“சரிம்மா” என்றேன்.

ஒரு வெள்ளி டாலரைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன். கிராணியின் நெற்றிச் சந்தனத்தில் அமுங்கிக் கிடந்தது என் காசு. மாற்றி வைத்துவிடலாம் என்று குனிந்தேன். பாய் வழுக்கி அவர் மார்பிலேயே விழுந்தேன். (எங்கள் கீரைப் பாத்தியை அவர் கோழி கிளறிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது.) கை நெற்றிக்குப் போவதற்குள் நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். பிணத்திடம் வைத்த காசைத் திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை. அழுகைதான் வந்தது. ஒப்பாரி வைத்த பெண்களே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“தம்பிக்கு இவரு மேல இவ்ளோ பாசமா” என்று கிராணியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னையே பாடை தூக்கவும் வைத்தார்கள். குழி ஓரத்தில் மறுபடி குனிந்தேன். நானும் உள்ளே குதித்துவிடுவேனோ என்று பயந்து இரண்டு பேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மண் விழுந்தது.

மறுநாள் வெள்ளி அத்தனையையும் மரைக்காயரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். பாவம் பார்த்துக் கொஞ்சம் மாத்திரை கொடுத்தார். போதவில்லை. அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். எந்தக் காசைக் கொடுத்தாள் என்று கடைசிவரை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் சாவில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இன்றும் கிராணியின் பிள்ளைகள் அவர் திதிக்கு எனக்குத்தான் முதல் இலை போடுகிறார்கள். எங்கள் வீட்டு விசேஷங்களிலும் இதுதான் பேச்சு: பெத்தவளுக்கு அழாதவன் பக்கத்து வீட்டுக்காரருக்கு உருண்டு புரண்டு அழுதானாம். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்றைக்கு நான் அழுததே அம்மாவுக்காகத்தான்.