வலைப்பூவுக்கு வந்த வாசகி

முகநூலை விட்டு விலகுவது என்று போன மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை முடிவெடுத்தேன். முகமும் உருப்படியில்லை, நூலும் இல்லை. அதற்குப் பெயர் முகநூல். உலக அரசியலைப் பற்றி நான் நான்கு மணிநேரம் மினக்கெட்டு எழுதிய கட்டுரைக்கு ஏழு விருப்பம். அதே நாளில் பிளாக்டவுன் சுதர்சன் தன்னுடைய புதுச் செருப்பைப் படமெடுத்துப் போட்டான். இருநூற்றுப் பதினான்கு. அதில் ஒன்று என் மனைவி மிருணாளினியுடையது.

இனிமேல் எனக்கென்று சொந்தமாக ஒரு வலைப்பூ. பிரியாவிடைக் குறிப்பு எழுதி முகநூலில் போட்டேன். என் வாழ்நாளிலேயே அதிக விருப்பம் விழுந்தது அதற்குத்தான்.

மிருணாளினி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். நல்ல முடிவு என்று உடனே ஒத்துக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் உடனே ஒத்துக்கொண்ட முதல் விஷயம். பூவைப் பார்த்த நான் வலையைப் பார்க்கவில்லை.

முதல் கட்டுரை, ‘தமிழன் ஏன் சிந்திப்பதில்லை’. ஒன்பது நாள் எந்தத் தமிழனும் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் ‘மேற்கு சிட்னி வாசகி’ என்ற பெயரில் ஒரு கருத்து வந்தது. என் நடை அபாரமாம். ஆனால் சிந்தனையைப் பற்றி எல்லோரும்தான் எழுதுகிறார்களாம். கையால் செய்த வேலையைப் பற்றி என்னைப் போன்ற ஒருவர் எழுதினால் அதுதான் இலக்கியமாம். பதினொரு தடவை வாசித்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்டேன். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியைத் துப்புரவாக்குவது பற்றி என்று பதில் வந்தது. மூன்று வருடமாக மிருணாளினி கெஞ்சிய அதே பீலி. ஏணி வைத்து ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டாள். இலக்கியம் என்றேன். பாவம், அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குளியலறை. பிறகு குசினி அடுப்பு. சட்டைகளுக்கு அயன் போட்ட கட்டுரையை வாசித்து வாசகி கண்கலங்கினாளாம்.

போன வெள்ளிக்கிழமை நண்டுக்கறி. மிருணாளினி வேலைக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டு, கட்டுரையை வலைப்பூவில் ஏற்றினேன். மத்தியானம் கருத்து வந்தது: “அருமை ஐயா. உப்பு மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது.”

இரண்டாம் தடவை ரசித்து வாசிக்கும்போதுதான் உறைத்தது. கட்டுரையில் உப்பு யாருக்குத் தெரியும்?

பின்னேரம் அவள் வந்ததும் கணினியைத் தூக்கி முன்னால் வைத்தேன். அவள் மறுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

“ஓம், முதல் கருத்து நான்தான் போட்டனான். பிறகு எனக்கு நேரமில்லை. எங்கடை வோர்ட்டிலை வேலை செய்யிற பிள்ளையள் மாறி மாறிப் போட்டவை. உப்பைச் சொன்னது தாரிணி. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது.”

“அப்ப எனக்கு உண்மையான வாசகி ஒருத்தியும் இல்லையோ?”

“எட்டுப் பேர் இருக்கினமே அப்பா. உங்கடை எழுத்தை வாசிச்சுப்போட்டுத் தங்கடை மனுசன்மாரை நினைச்சுப் பெருமூச்சு விடுகினம். அந்த மனுசன்மாரும் முகநூலிலைதான் கிடக்கினம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கிறன். வலைப்பூ தொடங்கிறது எப்பிடியெண்டு நீங்கள் படிப்பிக்க வேணும்.”

வருகிறவர்களிடம் உண்மை எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை எட்டுக் கணவன்மாரும் வந்து வரிசையாக அமர்ந்தார்கள். ஒவ்வொருவன் மடியிலும் கணினி. ஒவ்வொருவன் முகத்திலும் மனைவியை விடத் தான் அறிவாளி என்ற களை. அந்த முகங்களைப் பார்த்ததும் என் மனம் மாறிவிட்டது. முதலில் வலைப்பூவுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று பாடத்தைத் தொடங்கினேன்.

அவர்கள் போனதும் ஒன்பது தேநீர்க் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தேன். அதைச் செய்யச்சொல்லி எந்த வாசகியும் கேட்கவில்லை.