கறுப்புக் கரையில் கவுன்சிலர்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை, பல்கேரியாவின் பியாலா ரேக்கா நகரில், இஸ்தோக் குடியிருப்பின் எல்லா வாசல் கதவுகளிலும் கவுன்சிலர் லுபென் தாஸ்கலோவின் படம் ஒட்டப்பட்டிருந்தது. படத்தைச் சுற்றி, அந்த ஊரில் இறந்தவர் படத்துக்குப் போடுகிற கறுப்புக் கரை இருந்தது.

அந்த நேரத்தில் லுபென் சமையலறையில் உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது. அவர் மனைவி ரொசித்சா எடுத்தாள்.

"ஆமா அத்தை, நான்தான்... என்னது? எப்போ?" அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "இல்லையே, இப்பதான் ரெண்டாவது கிண்ணம் கேட்டாரு."

ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேலா அத்தை. நீ செத்துட்டியாம். ராத்திரியா, காலையிலயான்னு கேக்கறாங்க."

வேலா அத்தை அவர்களுக்கு ஒரு மாடி கீழே குடியிருப்பவர். லுபென் கவுன்சிலரான புதிதில் அத்தையின் எண்பதாவது பிறந்த நாளுக்கு நான்கு கார்னேஷன் பூக்களோடு போய் நின்றார். கிழவி பூக்களை எண்ணிப் பார்த்தார். "ஏம்பா, இரட்டைப்படையில கல்லறைக்குத்தானே கொண்டுபோவாங்க. என்னை அனுப்ப அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று ஒன்றை உருவி அவர் சட்டைப்பையிலேயே செருகினார். குடியிருப்பு ஒரு மாதம் சிரித்தது. லுபென் அதற்குப் பிறகும் பூக்களை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை.

அவர் செருப்போடு கீழே இறங்கி வாசல் கதவைப் பார்த்தார். அது அவருடைய மாதாந்தர அறிக்கைதான். எந்தச் சாக்கடை தூர் வாரப்பட்டது, எந்த விளக்குக்கு மன்றம் ஒப்புதல் தந்தது என்று நான்கு வருடங்களாக எழுதி, அச்சகத்துப் பையனை வைத்துக் கதவுகளில் ஒட்டிவருகிறார். அதை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த முறை படித்தே ஆக வேண்டும். பதினாறாம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் லிண்டன் மரத் திடலை வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு விற்க நகராட்சி முடிவு செய்திருந்தது. வியாழன் மாலை ஆறு மணிக்குப் பண்பாட்டுக் கூடத்தில் பொது விசாரணை. மக்கள் நேரில் வராவிட்டால் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். போன விசாரணைக்கு வந்தவர்கள் ரொசித்சாவும், மழைக்கு ஒதுங்கிய ஒருவரும்தான். மழை நின்றதும் அவரும் போய்விட்டார்.

லுபென் அச்சகத்துக்கு ஃபோன் செய்தார். அச்சக உரிமையாளர் ஆசென் பதறவில்லை.

"நீல மை தீர்ந்துபோச்சு சார். கறுப்புல போட்டேன்."

"மூலையில சிலுவை இருக்கே?"

"அப்படியா? நம்ம கடையில முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலிதானே. அந்த அச்சு மிஷின்லயே இருந்திருக்கும். ஆனா படம் நல்லா வந்திருக்கு சார். உயிரோட இருக்கற மாதிரியே இருக்கீங்க."

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'நான்கு ஆண்டுகள் உங்களோடு. வியாழன் மாலை ஆறு மணிக்குக் கூடுவோம்' என்று இருந்தது. மரங்களைப் பற்றிய விவரமெல்லாம் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. கறுப்புக் கரையிட்ட தாளில் பொடி எழுத்தை யார் படிப்பார்கள்?

எல்லாவற்றையும் கிழித்துவிடுவது என்று லுபென் முடிவு செய்தார். தெரிந்தவர்கள் பார்த்து மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று மழைக்கோட்டின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். பதினாறாம் பிளாக்கில் முதல் தாளில் கை வைத்ததும் மாடியிலிருந்து குரல் வந்தது.

"எவன்டா அவன்? செத்தவர் படத்தையே கிழிக்கிறியா? உங்க வீட்ல யாரும் சாக மாட்டாங்களா?"

அது ஸ்பாஸ். ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர். தெருவில் தன் காருக்கு இடம் பிடித்து அவர் நட்ட இரும்புக் கம்பியை லுபென் பிடுங்க வைத்ததிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். லுபென் ஓடினார். இளமையில் ஹேண்ட்பால் ஆடி முழங்கால் போனவர்; வாத்து மாதிரி ஒரு பக்கமாகத்தான் ஓட முடியும். ஸ்பாஸ் பால்கனியில் சாய்ந்தபடி அந்த ஓட்டத்தை மூலை திரும்பும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஃபோனை எடுத்தார்.

மதியத்துக்குள் எல்லாக் கதவுகளிலும் புதுப் பிரதிகள் ஒட்டப்பட்டுவிட்டன. முன்னைவிடப் பெரிதாக இருந்தன.

லுபென் சிவப்பு மார்க்கர் எடுத்துப் போய் அவற்றில் ஒன்றின் மேல் 'லுபென் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினார். காலடிச் சத்தம் கேட்டுக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். வேலா அத்தையும் பூக்கடை பென்காவும் வந்தார்கள்.

"யாரோ அழகா எழுதியிருக்காங்க பாரு," என்றார் வேலா அத்தை.

"உண்மைதானே அத்தை. நம்ம மனசுல இருக்காரு."

"மனசுல மட்டுமா? எங்க பாத்தாலும் அவர்தான். இந்தக் குப்பைத்தொட்டியப் பாத்தாக்கூட அவர் ஞாபகம்தான் வருது."

லுபென் தொட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். அந்தத் தொட்டிக்காக அவர் மன்றத்தில் மூன்று முறை பேசியிருக்கிறார்.

அடுத்து ரொசித்சாவை அனுப்பினார். அவளிடம் இருந்த ஒரே கோட்டு கறுப்பு. அரை மணி கழித்து ஒரு பூங்கொத்து, ஒரு தட்டு பனித்சா என்ற சீஸ் அப்பத்தோடு திரும்பி வந்தாள்.

"சொன்னியா?"

"எங்க சொல்ல விட்டாங்க? வாயத் திறந்தாலே கட்டிப்புடிச்சுக்கிட்டு 'அழுதுடும்மா, அடக்காத'ன்னாங்க. பனித்சா சூடா இருக்கு, சாப்பிடு."

அவள் பூக்களை ஜாடியில் வைத்தாள். வைக்கும்போது ஒரு முறை எண்ணினாள். பிறகு கணவருக்குப் பனித்சா எடுத்து வைத்தாள்.

மாலையில் ஆட்கள் மாடியேறி வரத் தொடங்கினார்கள். கதவைத் தட்டவில்லை, வாசலில் பூ வைத்துவிட்டு நின்று பேசினார்கள். லுபென் தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்து நேருக்கு நேர் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அப்போது ஸ்பாஸின் குரல் கேட்டது.

"அந்தக் கம்பி விஷயத்துல தப்பு என் மேலதான். தெரு எல்லாருக்கும் பொதுன்னு அந்த மனுஷன் சொன்னாரு. இந்த ஊர்ல அத என் மூஞ்சிக்கு நேரா சொன்னது அவர் ஒருத்தர்தான்."

லுபென் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"படிக்கட்டுக்குக் கைப்பிடி யாரு போட்டா?" இது வேலா அத்தை. "அது மட்டும் இல்லேன்னா இந்த முழங்காலோட நான் கடைக்குப் போவேனா?"

எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசுவதுபோல் இருந்தது. துக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று லுபென் நினைத்துக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டார்.

"போதும், வெளிய போய்ச் சொல்லு," என்றாள் ரொசித்சா.

"இரு, இன்னும் ரெண்டு பேர் ஏறி வர்ற சத்தம் கேக்குது."

புதன்கிழமை முழுக்க அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. நான்கு வருடங்களில் செய்த ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருந்தார். பேருந்து நிறுத்தத்துக் கூரையை அவரே மறந்திருந்தார், அவர்கள் மறக்கவில்லை. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே உறுத்தவும் செய்தது. இப்போது வெளியே போனால் வியாழனன்று கூடத்துக்கு யாரும் வர மாட்டார்கள், திடல் போய்விடும். போகாவிட்டால் ஊரையே ஏமாற்றியதாகிவிடும்.

"அவர் மட்டும் இருந்திருந்தா மூணாவது மாடி பல்பு இந்நேரம் எரிஞ்சிருக்கும்," என்றது வாசலில் ஒரு குரல்.

படிக்கட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து லுபென் போய் பல்பை மாற்றிவிட்டு வந்தார்.

"பாத்தீங்களா, தானா எரியுது," என்றார் ஸ்பாஸ் கொஞ்ச நேரம் கழித்து. "இனிமே அந்த லிஃப்ட் கதவுதான்."

"அத விசாரணை முடிஞ்சு பாத்துக்கலாம்," என்றார் வேலா அத்தை. உடனே இருமினார்.

வியாழன் மாலை பண்பாட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. லுபென் மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் வந்து சேர்ந்ததும் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மரங்களைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்திருந்தார். அதற்குள் துணை மேயர் மான்செவ் கறுப்பு டையும் பெரிய பூங்கொத்துமாக மேடையேறிவிட்டார்.

"அன்பு மக்களே, நம்ம லுபென் இன்னைக்கு நம்மோட இல்ல," என்று தொடங்கினார். அரங்கில் முன்வரிசையெல்லாம் கைக்குட்டையை எடுத்தது. மான்செவ் அதைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களையும் பார்த்தார். குரல் இளகியது. "அவரோட கடைசி ஆசை அந்த லிண்டன் திடல். அவர் ஞாபகமா அத நகராட்சி ஒருநாளும் விக்காது. இது என் வாக்கு."

கைதட்டல் கூரையைத் தொட்டது. லுபென் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நன்றிங்க," என்றார். மன்னிப்புக் கேட்க மறந்துபோனார்.

மான்செவின் கையிலிருந்து பூங்கொத்து நழுவியது. கூட்டத்தில் யாரும் மயங்கவில்லை, அலறவில்லை. வேலா அத்தை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"துணை மேயர் தம்பி, சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. இத்தனை பேரும் கேட்டோம்."

அன்று மாலை ஏழு மணிக்கு முன்பாக, லிண்டன் திடல் விற்கப்படாது என்று பதிவாகிக் கையெழுத்தும் ஆனது.

மறுநாள் காலையில் லுபென் பென்காவின் பூக்கடைக்குப் போனார். போகும் வழியில் ஸ்பாஸ் முதல் தடவையாக வணக்கம் சொன்னார். லிஃப்ட் கதவையும் நினைவூட்டினார்.

"மனசு உறுத்துது பென்கா," என்றார் லுபென். "மரம் பொழைச்சுது, சரி. ஆனா இவ்வளவு ஜனங்களும் நான் செத்துட்டேன்னு நம்பிப் பூ வாங்கியிருக்காங்க. நானும் உள்ள உக்காந்து சந்தோஷமா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பென்கா வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"செவ்வாய்க்கிழமையிலருந்து என்கிட்ட இரட்டைப்படையில பூ வாங்கினது ஒரே ஒருத்தர்தான் கவுன்சிலரே. துணை மேயர்."