அப்பா பதில் அனுப்புகிறார்

“சாப்பிட்டாச்சுன்னு எனக்கு அனுப்பியிருக்கார். அடுத்த நிமிஷமே தங்கச்சிக்கு, இனிமேதான்னு அனுப்பியிருக்கார். இதுல எதுடா நிஜம்?” என்று அக்கா போனில் கேட்டபோது, இணைப்பு ஒரு சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

‘இணைப்பு’ என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். எங்கோ இருக்கும் சர்வர் கணினிகளிடம் வேலையைச் சொல்லிப் பதில் வாங்கித் தரும் லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, ஒன்று அவர் பொறுப்பு. எந்தக் கேள்வி எந்த சர்வருக்குப் போக வேண்டும், எந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், மூச்சு வாங்கும் சர்வரை எப்போது வரிசையிலிருந்து விலக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் எழுதிய விதிகள். ஒரே சர்வரின் தலையில் பாரம் ஏறினால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

“பாதி சாப்பிட்டிருப்பார்க்கா. அப்ப ரெண்டுமே நிஜம்தான்.”

“விளையாடாதே. நேத்து நடக்கப் போனேன்னார். அதே நேத்து, முழங்கால் வலி, படியே இறங்கலைன்னும் சொல்லியிருக்கார். எனக்குப் பயமா இருக்குடா.”

அப்பா வேறு ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார். காது மந்தம். பேசினால் கேட்காது என்பதால் மூன்று பிள்ளைகளும் செய்தி எழுதி அனுப்புவார்கள், அவரும் எழுதியே பதில் போடுவார். மாத்திரை போட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா, அடுப்பை அணைத்தீர்களா, ஏன் பதில் இல்லை, போன் பக்கத்தில் இல்லையா என்று நாள் முழுக்க மூன்று பக்கமிருந்தும் பாசம் பொழிந்துகொண்டிருக்கும்.

இணைப்பு யோசித்தார். கேட்பவர்கள் மூன்று பேர், பதில் சொல்பவர் ஒருவர். திணறாமல் என்ன செய்வார்?

“நேர்ல போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே,” என்றாள் மனைவி.

“போகலாம். முதல்ல கோளாறு எங்கேன்னு தெரியட்டும்.”

தன் லைப்ரரியை வைத்தே ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினார். இனி யாரும் அப்பாவுக்கு நேராக எழுதக் கூடாது. மூவரின் கேள்விகளும் நிரலுக்கு வரும். அது அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் ஒரு தடவைதான் போகும், பதில் எல்லோருக்கும் வரும். பதில் தாமதமானால் அதுவே மறுபடி கேட்கும்.

முதல் கேள்வி, ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று போனது. பதில் இல்லை. நிரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை இரண்டு பதில்கள் சேர்ந்து வந்தன.

‘போட்டாச்சு.’

‘எந்த மாத்திரை? அந்த நீல மாத்திரையா?’

தங்கை உடனே கூப்பிட்டாள். “அண்ணா, அப்பாவுக்கு நீல மாத்திரையே கிடையாதே.”

“தெரியும்.”

“அப்ப எதை எடுத்துப் போட்டுக்கிறார்?”

இணைப்பு போனை வைத்தார். அப்பாவுக்கு முன்பு சொன்னது மறந்துபோகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறதிக்கு மருந்து எளிது. ஒவ்வொரு கேள்வியோடும் முந்தைய கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் சேர்த்து அனுப்பிவிட்டால், அவர் எதையும் நினைவு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மறுநாள் அப்பாவுக்குப் போன செய்தி, ஒரு வழக்கின் தீர்ப்பு அளவுக்கு நீளமாக இருந்தது. பதில் சுருக்கமாக வந்தது.

‘இதில் கேள்வி எங்கே இருக்கிறது?’

பிறகு இன்னொன்று. ‘ஐயா, நான் பரீட்சை எழுதுவதை விட்டு ரொம்ப வருஷமாகிறது.’

“ஐயாவா? உன்னையா?” என்றாள் அக்கா.

“நிரலைச் சொல்றார்னு நினைக்கிறேன்.”

“பெத்த பிள்ளையை ஐயாங்கிறார். நீ நிரலு கிரலுங்கிற.” அக்கா விடவில்லை. “நான் அவருக்கு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிட்டேன். ஞாபகமறதி டாக்டர்கிட்ட நேரமும் வாங்கியாச்சு. அந்த வீட்டைப் பூட்டிட்டு இங்க கூட்டிட்டு வந்துடலாம்.”

அப்பா அந்த வீட்டை விட்டு வர மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் வீட்டுக்கு வந்தால்கூட மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர். அவரை ஒரு ஒழித்த அறையில் உட்கார வைப்பதை இணைப்பால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“கொஞ்சம் பொறுக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு செஞ்சு பார்க்கிறேன்.”

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்பது அவர் தொழிலில் வழக்கம். அதே மாதிரி, மணிக்கொரு தரம் ‘நலமா?’ என்று மட்டும் கேட்கச் சொன்னார். பதில் தடுமாறினால் இன்னும் அடிக்கடி கேட்க வேண்டும் என்றும் நிரலுக்குச் சொல்லிவைத்தார்.

‘நலம்.’

‘நலமே.’

‘நலத்துக்கு என்ன குறை.’

‘தச்சாச்சு. சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க.’

இணைப்பு கடைசிச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்பா வேலை பார்த்தது நில அளவைத் துறையில். அறுந்த சட்டைப் பொத்தானைக்கூட அவர் தைத்ததில்லை, அம்மா இருந்தவரை அம்மாதான் தைப்பார்.

நிரல் இதைத் தடுமாற்றம் என்று சரியாகப் புரிந்துகொண்டு, அடிக்கடி கேட்கத் தொடங்கியது. அடிக்கடி கேட்கக் கேட்க பதில்கள் இன்னும் மோசமாயின. ‘ம்’ என்று ஒன்று. ‘உனக்கு வேறு வேலையே இல்லையா’ என்று ஒன்று. மொட்டையாக, ‘யானையை நகர்த்து’ என்று ஒன்று.

“என்னங்க, யானைங்கிறார்,” என்றாள் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

“பார்த்தேன்.”

“எந்த யானை?”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

கடைசியாக, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கேள்வியை அவரே எழுதினார். இதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். ‘அப்பா, உங்கள் பெரிய பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள்?’

நெடுநேரம் பதில் வரவில்லை. பிறகு வந்தது.

‘கொஞ்சம் பொறுங்கள். கேட்டுச் சொல்கிறேன்.’

 அக்கா போனில் கூப்பிட்டு, “தனியா இருக்கிற மனுஷன், யாரைடா கேட்பார்?” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

மறுநாள் காலை மூவரும் ஒரே காரில் கிளம்பினார்கள்.  கதவைத் திறந்து ‘யார் நீங்க?’ என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று இணைப்பு மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ‘உங்க பையன்பா’ என்று சொன்னால் நம்புவாரா? எந்தப் பையன் என்பாரோ? ஒரே பையன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமோ?

வீடு பூட்டியிருந்தது. அக்கா விரல் சிவக்க அழைப்புமணியை அழுத்தினாள். தங்கை ஜன்னலைத் தட்டினாள். இணைப்பு படியிறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைச் சுற்றி வந்தார்.

மரத்தடி பெஞ்சில், பாதி ஆடிய சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் விழுந்த திரை, பச்சை உறை. அது அப்பாவின் போன்.

இணைப்பு அவரிடம் ஓடினார். அதற்குள் அக்காவும் தங்கையும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

“ஐயா, இந்த போன் வெச்சிருந்தவர் எங்கே? அவருக்கு என்ன ஆச்சு?” என்றார் இணைப்பு.

“அவருக்கென்ன? நீச்சல் குளத்துல இருக்கார்,” என்றார் வழுக்கைத் தலைக்காரர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் சும்மா இருங்க தம்பி, அவர் பெரிய பொண்ணுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு நேத்திலிருந்து ஒரு கேள்வி நிக்குது. தையல்கடைக்காரரையும் சேர்த்து நாங்க நாலு பேர் முறை போட்டுத்தான் அவர் பசங்களுக்குப் பதில் அனுப்புறோம், இந்த மாதிரி கஷ்டமான கேள்வியெல்லாம் என் முறையிலதான் வந்து மாட்டுது.”