ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பூப்பாத்தி

இயேசு மரி சூசை

மாதா தெரு,
ஆவூர் வழி, புதுக்கோட்டை மாவட்டம்.
நவம்பர் 5

அன்புள்ள தம்பி பால்ராஜுக்கு,

அக்கா அற்புதமேரி மாதாவின் காவலில் சுகமாக இருந்து எழுதுவது. ஓசூரில் நீயும் உன் முழங்காலும் சுகம்தானே.

முதலில் பிள்ளைகள் விஷயம். மூத்த பேரன் மெல்வின் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். மஞ்சள் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்துவிட்டதை வீடியோவில் காட்டினான். ஜெனிபர் நர்சிங் கடைசி வருடம். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, உன் மச்சானே சாட்சி. சின்னவள் ஏஞ்சலுக்குப் பள்ளிக்கூடத்தில் லெமன் ஸ்பூன் ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. ஓடினதே இரண்டு பேர்தான் என்று உன் மச்சான் ஊரெல்லாம் சொல்கிறார். அதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. எலுமிச்சம்பழம் கடைசிவரை கீழே விழவில்லை, அதுதான் பேச்சு.

இனி நான் எழுத வந்த விஷயம். சப்பரம் நம் வீட்டு வாசலில் நின்றுவிட்டது! நின்றேவிட்டது தம்பி!

உனக்குத் தெரியாததா? ஜெபமாலை மாதம் முடிகிற அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாதா சப்பரம் நம் தெருவில் வரும், தெருவுக்கு ஒரே ஒரு வாசலில்தான் நிற்கும், எந்த வாசலில் பூ அதிகமோ அங்கே. பதினோரு வருடமாக எதிர்வீட்டு இன்னாசியம்மாள் வாசல்தான், அவள் வீட்டுக் காகிதப்பூக் கொடி அப்படி. சப்பரம் நிற்கிற ஏழு நிமிஷமும் அவள் மாதாவைப் பார்ப்பதைவிட என்னைத்தான் அதிகம் பார்ப்பாள். ஜூலையில் இதை உன்னிடம் போனில் சொன்னபோது, "அக்கா, ஒன் கையில கத்தாழைகூடக் காஞ்சு போகும்"னு சிரித்தாய். பிறகு மனசு கேட்காமல், புதிதாய்த் தோட்டம் போடுகிறவர்களுக்கென்று ஒரு முழுத்தாள் எழுதி அனுப்பினாய். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுதியிருந்தால் எழுதியபடி செய்கிறவள். நீ என்ன எழுதினாய்? இரண்டு பக்கமிருந்தும் கை எட்டுகிற மாதிரி ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஓரடி ஆழம் கொத்திச் சாணி எருவும் ஆட்டுப்புழுக்கையும் கலக்கணும். மழைத்தண்ணீர் தேங்காமல் நடுவில் மண்ணைக் கூனாகக் குவிக்கணும். சுற்றிச் செங்கல் பதிக்கணும். உயரமான செடி தலைமாட்டில், குட்டையானது கால்மாட்டில். தலைமாடு, கால்மாடு என்று எழுதினது நீதான். தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆகஸ்டில் விதைத்தேன். முதல் விதைப்பை எங்கள் வீட்டுக் கோழியே கிளறித் தின்றது, அந்தக் கோழி அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பானது. இரண்டாம் தடவை இலுப்பூர் போய் நாற்றாகவே வாங்கிவந்தேன். தலைமாட்டில் கோழிக்கொண்டை, நடுவில் மஞ்சள் செவ்வந்தி, கால்மாட்டில் பட்டுரோஸ். சங்குப்பூக் கொடி படர ஒரு கம்பு நட்டு, குறுக்கே ஒரு கம்பு கட்டினேன். செங்கலுக்கு வெள்ளையடித்தேன். அந்தச் சமயம் பார்த்து உன் மச்சான் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று, 'தைரியநாதன், ஆசிரியர்' என்று எழுதிய பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுத்தார். வைக்க இடமில்லை, அந்தக் கம்பிலேயே சாய்த்துவைத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

அக்டோபர் இருபதுக்கெல்லாம் பூத்தது பார்! தங்கக்கட்டி தங்கக்கட்டியாய்! தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். மினி பஸ்ஸில் போகிறவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ முகம் தெரியாத அம்மாள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் போனாள். ஒரு பூவுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா"ன்னு உன் மச்சானைக் காலையும் மாலையும் பாத்திக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. இன்னாசியம்மாள் பட்டுப்புடவையில், தட்டில் பூவோடு தயாராக நின்றாள். முன்னால் வந்தவர் ஜெபக்குமார் சாமியார், நம் பங்குக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் வாசல் பக்கம் திரும்பினார், பாத்தியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கையைத் தூக்கினார். சப்பரம் நின்றது! கொட்டு நின்றது! இன்னாசியம்மாள் கையிலிருந்த தட்டு சரிந்து பூவெல்லாம் அவள் காலிலேயே கொட்டியது. சாமியார் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, தலைகுனிந்து நின்று, பாத்தியின் மேல் தீர்த்தம் தெளித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்கம்மா"ன்னார். பிறகு புத்தகத்தைத் திறந்து, தைரியநாதன் என்று பெயர் சொல்லி, இறந்தவர்களுக்குச் சொல்லும் செபத்தைச் சொல்லத் தொடங்கினார்.

உன் மச்சானுக்குக் காது கொஞ்சம் மந்தம், தெரியுமே. பெயர் மட்டும் கேட்டிருக்கிறது. பட்டுவேட்டியோடு முன்னால் வந்து கைகூப்பி நின்று, ஒவ்வொரு வரிக்கும் எல்லோரையும் விடச் சத்தமாக "ஆமென்" சொன்னார். முடிந்ததும் சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, நீங்க இவருக்கு என்ன முறை வேணும்?"னு கேட்டார்.

"யாருக்கு சாமி?"

"தைரியநாதனுக்கு."

"நான்தான் சாமி அவரு."

சாமியார் கையிலிருந்த புத்தகம் பட்டுரோஸ் மேல் விழுந்தது. நான் ஓடிப்போய், "சாமி, இது பூப்பாத்தி சாமி! எந்தம்பி அளவு குடுத்தான்!" என்றேன். "வாசல்லயே அடக்கம் பண்ணிருக்காங்களேன்னு எனக்கும் ஒரு மாதிரியாத்தாம்மா இருந்துச்சு. புதுசா வந்தவன், ஊர் வழக்கமா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்" என்று சொல்லி வியர்வையைத் துடைத்தார்.

இன்னாசியம்மாள் விடுவாளா? நடுத்தெருவில் நின்று, "செத்தவுகளுக்கு நின்னதெல்லாம் சேர்த்தி இல்ல!" என்றாள்.

"யாருடி செத்தா? இந்தா நிக்கிறாரே! நின்னது நின்னதுதான், பன்னெண்டு நிமிசம்!" என்றேன். அவள் வாசலில் ஏழுதான்.

மறுநாள் காலையில் கீரைக்கார முனியாயி கூடையை இறக்கிவைத்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். உன் மச்சான் பல் விளக்கிக்கொண்டே வெளியே போனார்.

"வாத்தியாரய்யா! நீங்க இருக்கீகளா? அப்ப உள்ள யாரு?"

"செவ்வந்தி."

"அய்யோ, யாரு பெத்த புள்ளையோ!" என்று அவள் முன்னைவிடப் பலமாக அழுதாள். சமாதானப்படுத்த இரண்டு காபி ஆனது.

அதோடு போகவில்லை. ஊர்வலத்தில் பின்னால் வந்தவர்கள் செபத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போய்ச் செய்தி பரப்பியிருக்கிறார்கள். பத்து மணிக்கு இலுப்பூரிலிருந்து அழகுமலையும் இன்னும் மூன்று பேரும், எல்லாம் உன் மச்சானிடம் படித்த பிள்ளைகள், இப்போது தலை நரைத்தவர்கள், ஆளுயர ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உன் மச்சான் போட்டோ எடுக்கவே விடமாட்டார், கூடத்தில் மாட்டியிருப்பது ஒரே ஒரு ஆள் படம்தான், உனக்கே தெரியும் அது யார் படமென்று. முப்பது வருடத்துக்கு முந்தின மீசை இருவருக்கும் ஒன்றுதானே. மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி மௌனமாக நின்றார்கள். குளித்துவிட்டு வந்த உன் மச்சான், ஏதோ செபம் நடக்கிறதாக்கும் என்று அவர்களுக்குப் பின்னால் தானும் கண்ணை மூடி நின்றார். முடிந்ததும் "ஆமென்" என்றார். அழகுமலை திரும்பிப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இருக்கட்டும். நின்றது நின்றதுதான். ஒரு செங்கலைக்கூட நகர்த்தமாட்டேன். அடுத்த வருடமும் சப்பரம் இங்கேதான். என் கையில் கத்தாழை காயும் என்று இனிமேல் சொல்லாதே. உனக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா எந்தக் குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். உன் மச்சானும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், உயிரோடுதான்.

இப்படிக்கு,
பாசமுள்ள அக்கா
அற்புதமேரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. இன்னாசியம்மாள் காகிதப்பூக் கொடியை வெட்டிவிட்டு, எட்டடிக்கு நாலடி பாத்தி போட்டுவிட்டாள், அவள் வீட்டுக்காரர் பெயர்ப்பலகையோடு. அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் ஐந்து வீட்டில் தோண்டுகிறார்கள். பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில், மாதா தெரு இப்போது கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறது, அடுத்த வருடம் சப்பரம் மேலத்தெரு வழியாகப் போகும் என்று சொல்லிவிட்டார். நானும் செவ்வந்தியைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி நட்டுவிட்டேன். மாலை போட்ட உன் படத்தை மறுபடி சுவரில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை, அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பல் தெரியச் சிரித்தபடி எடு தம்பி, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது.